காற்றை முந்தட்டும் கருத்து

மின்விளக்கு எட்டிப் பாராத நாளில் நம் சிற்றூர்களிலே வீட்டுக்கு வீடு தொங்கியது அரிக்கேன் விளக்கு. காற்றடித்தாலும் அணையாத கண்ணாடிக் கூண்டு அதற்கு உண்டு. அதனால் வந்த பெயர் அது. அரிக்கேன் என்பது அட்லாண்டிக் கடலிலே பிறந்து, கரிபியன் தீவுகளையும் அமெரிக்கக் கரையையும் தாக்கும் சூறாவளியின் பெயர். வங்கக் கடலில் எழுந்தால் புயல் என்கிறோம். அங்கே எழுந்தால் அரிக்கேன். பெயர் இரண்டு, பிறவி ஒன்று. விளக்கை அறிந்த நாம், அந்தப் பெயருக்குரிய பெரும்புயலின் வரலாற்றை அறிவோமா? வீட்டையும் வீட்டாரையும் காப்பது எப்படி என்னும் கேள்விக்கு, மனிதன் உயிரை விலையாகக் கொடுத்துக் கற்ற விடை அந்த வரலாற்றிலே கிடக்கிறது.

1492இல் கொலம்பஸ் கால் வைக்கும் முன்பே அத்தீவுகளில் வாழ்ந்தவர் தைனோ மக்கள். 'உரகான்' என்பது அவர்கள் மொழிச் சொல். புயல் என்பது தெய்வத்தின் சீற்றம் என்று அவர்கள் நம்பினர். அவர்களை வென்று அடிமைப்படுத்திய ஸ்பானியரோ நாகரிகம் மிக்கவர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர். அவர்கள் என்ன செய்தார்கள்? புயல் எந்தப் புனிதரின் நாளில் அடித்ததோ அந்தப் புனிதரின் பெயரைப் புயலுக்குச் சூட்டினார்கள்! 1899 ஆகஸ்ட் 8இல் போர்ட்டோ ரிக்கோவைத் தாக்கி, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலி கொண்ட புயலின் பெயர் புனித சிரியாக்கோ. கொன்றது காற்றும் வெள்ளமும்; பெயர் மட்டும் புனிதருடையது. பெயர் சூட்டியதால் ஒரு கூரையாவது தப்பியதா? ஒரு குழந்தையாவது பிழைத்ததா?

புயலின் போக்கைப் புரிந்துகொள்ள முனைந்தவரும் அதே தீவுக் கூட்டத்திலே தோன்றினார். 1870இல் கியூபாவின் ஆவானா நகருக்கு வந்து, பெலென் வானாய்வு நிலையத்தின் தலைமையை ஏற்றவர் பெனிட்டோ வினேஸ். ஏசு சபைப் பாதிரியார்தாம். எனினும் புயல் வரும் திசையைச் செபத்திலே தேடியவரல்லர். பாரமானி காட்டும் காற்றழுத்தத்தை நாள்தோறும் குறித்தார். உயர வானத்து இறகு மேகங்கள் எத்திசையிலிருந்து விசிறி விரிகின்றன என்று நோக்கினார். பல இடங்களிலிருந்தும் குறிப்புகளைத் திரட்டி ஒப்பிட்டார். 1875 செப்டம்பர் 11 அன்று அவரது முன்னறிவிப்பு வெளிவந்தது. இரண்டு நாட்களில் புயல் கியூபாவின் கரையைத் தொட்டது. அங்கி எதுவாயினும் ஆகட்டும்; அளவுகோல் அறிவாக இருந்தது!

அறிவு பிறந்துவிட்டால் போதுமா? அது மதிக்கப்படவும் வேண்டும். மதிக்க மறுத்த ஆணவம் என்ன விலை கொடுத்தது என்பதைக் கால்வெஸ்டன் நகரத்தின் கதை சொல்லும்.

டெக்சாஸ் மாநிலக் கரையை ஒட்டிய மணல் தீவிலே அமைந்த செல்வத் துறைமுகம் கால்வெஸ்டன். 1900இல் அங்கே வாழ்ந்தோர் ஏறத்தாழ 38,000 பேர். நகரின் மிக உயர்ந்த இடம்கூடக் கடல் மட்டத்துக்கு மேல் 9 அடி இல்லை. அதே கரையில் இருந்த இந்தியனோலா என்னும் துறைமுகத்தை 1875இலும் 1886இலும் புயல்கள் தாக்கிச் சிதைத்துவிட்டன. அதைக் கண்டு, நமக்கும் ஒரு கடற்சுவர் வேண்டும் என்று கால்வெஸ்டனில் கேட்டவர்கள் இருந்தனர். ஆனால் நகரின் வானிலை அதிகாரி ஐசக் கிளைன், பெரும்புயலால் இந்நகருக்குக் கேடு வருமென்பது வெறும் பிரமை என்று 1891இல் நாளேட்டில் எழுதினார். சுவர் எழவில்லை.

1900 செப்டம்பர்த் தொடக்கத்தில் ஒரு புயல் கியூபாவைக் கடந்தது. அது மேற்கே மெக்சிகோ வளைகுடாவுக்குள் செல்லும் என்றனர் வினேசின் வழிவந்த கியூப வானிலையாளர். வடக்கே திரும்பி அட்லாண்டிக் பக்கம் போய்விடும் என்றது வாஷிங்டன் அலுவலகம். அப்போது கியூபா அமெரிக்கப் படையின் ஆட்சியில் இருந்தது. கியூபரின் வானிலைச் செய்திகள் தந்தி வழியே செல்லாதபடி முன்னரே தடை போடப்பட்டிருந்தது! ஆளப்படுகிறவனுக்கு அறிவேது என்னும் செருக்கு அது. மூடநம்பிக்கை சமயச் சின்னம் அணிந்துதான் வரும் என்பதில்லை. அலுவலகச் சட்டை அணிந்தும் வரும்.

செப்டம்பர் 8. கடல் 15 அடிக்கு மேல் எழுந்து நகருக்குள் புகுந்தது. இறந்தோர் ஏறத்தாழ 8,000 பேர். உறுதியாகக் கட்டிய தம் வீட்டை நம்பி, ஏறக்குறைய 50 பேருக்கு அடைக்கலம் தந்தார் கிளைன். வீடு இடிந்தது, அவர் மனைவியும் மாண்டார். கடற்கரையோரத்து அனாதை இல்லத்திலே கன்னியர் பத்துப் பேர், துணி உலர்த்தும் கயிற்றால் குழந்தைகளைத் தம்மோடு சேர்த்துக் கட்டிக்கொண்டனர். பத்துக் கன்னியரும் 90 குழந்தைகளும் மாண்டனர். தப்பியவர் மூன்றே சிறுவர். அன்பு குறைந்ததாலா அழிந்தார்கள்? உயிரையே ஈந்த அன்பு அது! குறைந்தது அன்பன்று, முதல்நாளே அவர்களைக் கரையிலிருந்து அகற்றச் செய்திருக்க வேண்டிய எச்சரிக்கை.

பிறகு எழுந்தது சுவர். 17 அடி உயரச் சுவரின் முதற்பகுதி 1904இல் முடிந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களைத் திருகுகளால் தூக்கி நிறுத்தி, அடியிலே மணல் நிரப்பி, நகரையே உயர்த்தினார்கள். 1915இல் மீண்டும் ஒரு பெரும்புயல் வந்தது, சுவர் தாங்கியது, நகரத்துள் இறந்தோர் மிகக் குறைவு. எண்ணாயிரம் பிணங்களுக்குப் பிறகு வந்த புத்தி!

சுவர் மட்டும் போதும் என்று எண்ணிவிடலாமா? கூடாது. 2005 ஆகஸ்ட் 29 அன்று நியூ ஆர்லியன்ஸ் நகருக்கருகே காத்ரினா புயல் கரையேறியது. அங்கே கரைகள் இருந்தன, அவை உடைந்தன, நகரின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கியது. முன்னறிவிப்பு பொய்க்கவில்லை. வெளியேறுக என்ற கட்டாய ஆணையும் முதல்நாள் வந்தது. ஆனால் கார் இல்லாத பல்லாயிரவர் எதில் ஏறிப் போவர்? நடக்க இயலாத முதியோரைத் தூக்குவது யார்? அப்புயலால் மாண்டோர் ஆயிரத்து முந்நூறுக்கும் மேல். லூசியானா மாநிலத்தில் இறந்தோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் 75 வயதைத் தொட்டவர் அல்லது கடந்தவர். உலகின் செல்வ நாட்டிலே, ஏழைக்கும் கிழவிக்கும் வண்டி இல்லை!

இதற்கு எதிர்ப்புறம் பாருங்கள். 1963இல் ஃபுளோரா புயல் கியூபாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அந்த அடியிலிருந்து அந்நாடு பாடம் கற்றது. குடிமக்கள் பாதுகாப்பு அமைப்பை உருவாக்கியது. 1986 முதல் நாடு தழுவிய புயல் ஒத்திகை நடத்திவருகிறது. எந்தத் தெருவில் எந்த வீட்டில் கருவுற்ற பெண் இருக்கிறாள், எங்கே படுத்த படுக்கையான முதியவர் இருக்கிறார் என்பது அங்கங்கே குறித்துவைக்கப்படுகிறது. வெளியேறுவோரில் பெரும்பாலோர் தங்குவது அரசின் முகாமில் அன்று. உறுதியான வீடுடைய அண்டை அயலாரிடத்திலே! 2004இல் ஐவான் புயல் நெருங்கியபோது பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம் பெயர்ந்தனர். கியூபாவில் ஓர் உயிரும் போகவில்லை. எப்போதும் அப்படியே என்று சொல்லமாட்டோம். அடுத்த ஆண்டே டென்னிஸ் புயலில் 16 பேர் இறந்தனர். அந்நாட்டு ஆட்சியைப் பற்றி ஆயிரம் வாதம் நடத்தலாம். ஆயினும் ஆயிரம் சாவு பதினாறாகக் குறைந்தது வாதமன்று, வரலாறு.

இந்த வரலாறு ஒரு குடும்பத்துக்குச் சொல்வதென்ன? காற்றைவிடத் தண்ணீரே மிகுதியாகக் கொல்லும். ஆதலின் தாழ்ந்த நிலத்து வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேறுவதே அறிவு. இருப்பது உயர்ந்த இடமாயின், சன்னல்களைப் பலகையால் அடைக்க வேண்டும். உடைந்த சன்னல் வழியே புகும் காற்று கூரையை உள்ளிருந்து தூக்கும். ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் குடிநீர், சமைக்காமல் உண்ணும் உணவு, மருந்து, நீர் புகாத பையிலே ஆவணங்கள் ஆகியவை முன்கூட்டியே ஆயத்தமாக வேண்டும். காற்று திடீரென்று ஓய்ந்தால் வெளியே ஓடலாகாது. அது புயலின் கண். அது கடந்ததும் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் காற்று பாயும். யார் பாட்டியைத் தாங்குவது, யார் குழந்தையை எடுப்பது, எந்த வழியே எங்கே போவது என்பவற்றை வானம் தெளிந்திருக்கும் நாளிலேயே முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவு, போக இடமும் ஏற வண்டியும் இல்லாத பக்கத்து வீட்டையும் சேர்த்து எடுக்கப்பட வேண்டும்.

தோழர்களே! 1964இல் தனுஷ்கோடியைக் கடலுக்குக் கொடுத்தவர் நாம். 2018இல் கஜா சாய்த்த தென்னைகளைக் கண்டவர் நாம். நம் கடலோரக் குப்பத்திலே தனித்து வாழும் முதியவர் எத்தனை பேர்? அவர்களைத் தூக்கிச் செல்லும் தோள் எவருடையது? இந்த இரு கேள்விக்கும் விடை எழுதிய ஒரு தாள் ஊர் மன்றம் ஒவ்வொன்றிலும் தொங்கட்டும். புயலைத் தடுக்கும் ஆற்றல் மனிதனுக்கு இன்னும் வரவில்லை. புயலுக்கு முன்னே போய் நிற்கும் ஆற்றல் வந்துவிட்டது. அதைப் பயன்படுத்தாமல் சாவது விதியன்று, நம் குற்றம்!