செங்கோட்டையில் ஒரு வழக்கு

தில்லியில் வாழும் நாம், ஊரிலிருந்து வரும் உறவினருக்குச் செங்கோட்டையின் முகலாய மாளிகைகளையே காட்டுகிறோம். அங்கு 1945 நவம்பர் 5 அன்று கூடிய இராணுவ நீதிமன்றத்தையும் நினைவுகூர்தல் நன்று.

ஷா நவாஸ் கான், பிரேம் குமார் ஸாகல், குர்பக்ஷ் சிங் தில்லான் என்னும் இந்திய தேசிய இராணுவ அதிகாரிகள் மூவர், பேரரசருக்கு எதிராகப் போர் தொடுத்தனர் என்று குற்றஞ் சாட்டப்பெற்றனர். குற்றஞ் சாட்டியதும் இராணுவம். தீர்ப்புக் கூறியதும் இராணுவம். வழக்கறிஞர் துணையே அவர்களுக்குக் கேடயமாயிற்று. காங்கிரஸ் அமைத்த குழுவில் தேஜ் பகதூர் சாப்ரூ, கைலாஸ்நாத் கட்ஜு முதலியோர் இருந்தனர். பல்லாண்டுகளுக்குப் பின் ஜவஹர்லால் நேருவும் பாரிஸ்டர் அங்கி அணிந்தார். உடல் நலங் குன்றியிருந்த புலாபாய் தேசாய் வாதத்தைத் தலைமையேற்று நடத்தினார். விடுதலை வேண்டும் மக்கள் தமக்கென ஓர் அரசு அமைத்துப் போரிடின், அதன் வீரரை உள்நாட்டுச் சட்டங்கொண்டு தண்டித்தல் ஆகாது என்று, சர்வதேசச் சட்டத்தை ஆதாரமாக்கி அவர் வாதாடினார்.

நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. ஆயுட்கால நாடு கடத்தலும் பதவி நீக்கமும் விதித்தது. ஆயினும் அவ்வாதம் நாளிதழ்கள் வழியே நாடெங்கும் பரவியது, மக்கள் கொதித்தெழுந்தனர். 1946 ஜனவரி 3 அன்று தலைமைத் தளபதி ஆச்சின்லெக் நாடு கடத்தல் தண்டனையை நீக்கினார். மூவரும் விடுதலை பெற்றனர்.

நம் இல்லத்துப் பிள்ளைகளும் படையில் பணிபுரிகின்றனர். இராணுவ நீதிமன்றத்தில் வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளவும், விசாரணையில் தம் நற்பெயருக்கு ஊறு நேருமாயின் உடனிருந்து சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும் 1954ஆம் ஆண்டின் இராணுவ விதிகள் இடமளிக்கின்றன. துணை கேட்பது குற்றத்தை ஒப்புவது ஆகாது. அது உரிமை என்பதை அவர்களுக்கு நாம் எடுத்துரைப்போமாக.