ரியோவில் ஜார்ஜ் ட்யூக்

பிரேசிலுக்குப் போய் ரெக்கார்ட் பண்ணிட்டு வரும் அமெரிக்க ஜாஸ்காரர்கள் மேல் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. ஃப்ராங்க் ஜாப்பாவோடு கீபோர்டு வாசித்த ஜார்ஜ் ட்யூக் 1979இல் ரியோவில் பதிவுசெய்த ஆல்பத்தின் பெயர் 'எ ப்ரேசிலியன் லவ் அஃபேர்'. தலைப்பே கொஞ்சம் பயமுறுத்துது, இல்லையா? பாதிப் பாட்டு பளபளப்பான ஃபங்க்தான்.

ஆனா மில்டன் நாசிமென்டோ பாட வந்ததும் ஆல்பமே வேறாகிறது. 'க்ராவோ இ கனேலா', 'ஆவோ கே வாய் நாஸேர்' இரண்டும் அவரும் லோ போர்ஜெஸும் சேர்ந்து 1972இல் வெளியிட்ட 'க்ளூபே த எஸ்கினா'வில் இருந்தவை. அதில் வாசித்த கிதார்காரர் டோனின்யோ ஹோர்டாவும் டிரம்மர் ராபர்டின்யோ சில்வாவும் ட்யூக்கின் குழுவிலும் இருக்கிறார்கள். 1973இல் ராணுவ ஆட்சியின் தணிக்கை வரிகளை வெட்டியபோது, 'மிலாக்ரே தோஸ் பேஷிஸ்' ஆல்பத்தில் பல பாட்டுகளைச் சொல்லே இல்லாமல் வெறும் குரலால் பாடியவர் மில்டன். 1979 ஆகஸ்டில் பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. வெளிநாடுகளில் இருந்தவர்கள் திரும்பத் தொடங்கினார்கள். ட்யூக்கின் காதல் பாட்டுகளில் இதெல்லாம் கேட்காது. மில்டனின் குரலில் கேட்கிறது.

ட்யூக் தன் ஆல்பத்தின் கடைசிப் பாட்டாக மில்டனுடையதைத்தான் வைத்தார். 'ஆவோ கே வாய் நாஸேர்' என்றால், பிறக்கப்போகிறவருக்கு.