எட்டாவது விதியும் எம்.சி.ஆர். செருப்பும்

தமிழில் காலணியைக் குறிக்கும் பழைய பெயர்களுள் ஒன்று தொடுதோல். செருப்பு என்னும் சொல்லும் சங்கப் பாடல்களிலேயே இடம்பெற்றுவிட்டது. 'தொடு' என்னும் வினைக்கு அணிதல், தீண்டுதல் என இரு பொருளும் உண்டு. தோலைத் தொட்டுப் பதப்படுத்தியோரைத் தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கிய மொழிச் சமூகம், அவர்கள் உருவாக்கிய பொருளின் பெயரில் மட்டும் தொடுதலை வைத்துக்கொண்டது.

இம்முரணின் வரலாற்றைப் படிக்கத் தாராவி பொருத்தமான இடம். அங்கே அறுபதைக் கடந்த தமிழ்ப் பெண்கள், கரை எடுப்பான புடவையும் தலையில் பூவும் காலில் தடித்து மெத்தென்ற செருப்புமாகத் திருமணத்திற்கும் கோவிலுக்கும் தேவாலயத்திற்கும் செல்வது இன்று யார் கண்ணையும் உறுத்தாத காட்சி. ஆனால் அப்புடவைக்கும் அச்செருப்புக்கும் வரலாறு ஒன்றல்ல. புடவையை விடச் செருப்பு மிகப் பிந்தி வந்தது. வேறு வழியாகவும் வந்தது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தமிழ் முஸ்லிம் தோல் வணிகரும் ஆதிதிராவிடத் தொழிலாளரும் தாராவியில் குடியேறினர். அன்று அது பம்பாய் நகரின் விளிம்பில், மாகிம் கழிமுகத்தை ஒட்டிய சதுப்பு நிலம். பாந்திராவின் இறைச்சிக்கூடம் அருகில் இருந்ததால் பச்சைத்தோல் எளிதில் கிடைத்தது. தோல் ஊறவைக்கும் தொட்டிகளின் நாற்றத்தை நகரம் தன் எல்லைக்குள் விரும்பவில்லை. 1971இல் இறைச்சிக்கூடம் தேவனாருக்கு மாறிய பின் பதனிடும் தொழில் தாராவியிலிருந்து படிப்படியாக விலகியது. பைகள், இடைவார்கள், பணப்பைகள் தைக்கும் தொழில் நிலைத்தது. தாராவியின் முதன்மைச் சாலைகளுள் ஒன்று, தோல் தொழிலாளர் குலத்தில் பிறந்த அடியாரான சந்த் ரோகிதாசின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இக்குடியேறிகளின் பாதங்கள் எத்தகைய ஊர்களை விட்டு வந்தன என்பதை ஓர் ஆவணம் காட்டும். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். சாதி குறித்த தம் நூலில் ஜே.எச். ஹட்டன் அவற்றைப் பட்டியலிட்டுள்ளார். பொன், வெள்ளி நகை அணியக்கூடாது, ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக்கூடாது, சட்டை போடக்கூடாது, முடியைக் கிராப்பாக வெட்டிக்கொள்ளக்கூடாது, மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது, பெண்கள் இரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடலை மறைக்கக்கூடாது, பூவும் மஞ்சளும் சூடவோ பூசவோ கூடாது. எட்டாவது விதி, ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக்கூடாது, செருப்பு அணியக்கூடாது என்கிறது.

பெண்ணின் இரவிக்கை, பூ, மஞ்சள் என ஒவ்வொன்றாக எண்ணித் தடுத்த இப்பட்டியலில் பெண்ணின் செருப்பு இல்லை. அவளுக்கு அது அனுமதிக்கப்பட்டிருந்தது என்று இதிலிருந்து முடிவுசெய்வது கடினம். வயலில் உழைக்கும் பெண் செருப்பணிவாள் என்ற எண்ணமே தடை விதித்தோருக்குத் தோன்றவில்லை என்று கொள்வதே பொருந்தும். தடைசெய்யப்படும் அளவுக்குக்கூட அவள் பாதம் கருதப்படவில்லை.

ஆகவே உடை உரிமைப் போராட்டம் தோளிலிருந்து தொடங்கியதில் வியப்பில்லை. திருவிதாங்கூரில் நாடார் பெண்களின் மேலாடை உரிமைக்கு 1859இல் அரசு அறிவிப்பு வந்தது. 1927 டிசம்பரில் மகாடு மாநாட்டில் அம்பேத்கர் பெண்களிடம் தனியே உரையாற்றி, தீண்டத்தகாதோர் என அடையாளம் காட்டும் புடவைக்கட்டையும் கனத்த அணிகளையும் கைவிடுமாறு கேட்டுக்கொண்டார். பெண்கள் உடனே புடவைக்கட்டை மாற்றிக்கொண்டதை இயக்க வரலாறுகள் பதிவுசெய்கின்றன. அழகாக உடுத்துவது ஆடம்பரம் என்ற அறிவுரை இம்மக்களிடம் செல்லாததற்குக் காரணம் இதுவே. நல்ல புடவை போராடிப் பெற்ற பொருள்.

பாதத்தின் கதை வேலூரில் திரும்புகிறது. 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் பாதப்புண்களை ஆராய்ந்தார். தசை தானாக அழுகுவதில்லை. உணர்விழந்த பாதத்தின் ஒரே இடத்தில் நடையின் அழுத்தம் மீண்டும் மீண்டும் விழுவதே புண்ணுக்குக் காரணம் என்று அவர் காட்டினார். இதற்கு விடையாக உருவானது நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மென்ரப்பர். அது உடலின் எடையைப் பாதம் முழுவதும் பரப்பிவிடும். எம்.சி.ஆர். என்னும் மூன்றெழுத்தால் தமிழகமெங்கும் அறியப்படும் அச்செருப்பைப் பின்னர் நீரிழிவு நோயாளரும் குதிகால் வலியுற்ற மூத்த பெண்களும் தமதாக்கிக்கொண்டனர்.

ஆக, இன்று மூத்த பெண்ணின் பாதத்தைத் தாங்கும் செருப்பின் பின்னே ஒதுக்கப்பட்டோர் இரு சாரார் உள்ளனர். தோல் செருப்பைச் செய்தும் அதை அணியத் தடுக்கப்பட்டவர்கள் ஒரு சாரார். தம் புண்பட்ட பாதங்களால் மருத்துவத்துக்கு நடையைக் கற்பித்தவர்கள் மற்றொரு சாரார். தாராவியை அடுத்த மாட்டுங்காவிலேயே 1890இல் தொழுநோயாளருக்கான காப்பகம் நிறுவப்பட்டது. பின்னாளில் அது ஆக்வொர்த் மருத்துவமனை எனப் பெயர் பெற்றது. தோல் தொட்டிகளையும் தொழுநோயாளரையும் பம்பாய் ஏறத்தாழ ஒரே திசையில் ஒதுக்கி வைத்தது.

எம்.சி.ஆர். செருப்பை 'நோயாளிச் செருப்பு' என்று கூறி விசேட நாள்களில் கழற்றி வைக்கும் கூச்சம் இப்பழைய ஒதுக்கத்தின் எச்சம். அழகும் நடைவசதியும் பகை என்ற கருத்துக்கு வேறொரு மூலமும் உண்டு. சீனத்தின் கட்டுண்ட பாதமும் மறுமலர்ச்சிக்கால வெனிசின் மிக உயர்ந்த அடிப்பாகக் காலணியும், நடக்க இயலாமையையே உயர்குடிப் பெண்ணின் அழகாக்கின. நடக்கத் தேவையற்றவள் என்பதே அங்கே பெருமை. தண்ணீர்க் குழாய்க்கும் சயான் ரயில்நிலையப் படிகளுக்கும் பிறர் வீட்டு வேலைக்கும் நடந்தே முதுமை எய்திய பெண்களுக்கு அவ்வழகியல் பொருந்தாது.

உடை வரலாற்றாய்வு பெரும்பாலும் மேலாடையோடு நின்றுவிடுகிறது. அது பாதம் வரை இறங்கவேண்டும். பட்டுப்புடவையின் கொசுவத்துக்குக் கீழே தெரியும் அந்தத் தடித்த செருப்பு முதுமைக்கு அழகு விட்டுக்கொடுத்த இடமன்று. எட்டு விதிகளை எழுதியவர்கள் எண்ணிப் பார்க்கவே மறந்த உரிமை அது. கடைசியாக வந்து சேர்ந்தது.