அடிச்சாம்பலும் இலையின் அடிப்பக்கமும்

திராட்சைக்கு வருகிற இரண்டு பெரிய நோய்களுக்குத் தமிழில் கிட்டத்தட்ட ஒரே பெயர்தான். ஒன்று சாம்பல் நோய், இன்னொன்று அடிச்சாம்பல் நோய். வித்தியாசம் 'அடி' என்கிற இரண்டே எழுத்து. ஆனால் அந்த இரண்டு எழுத்துக்குள் இலையின் உள்ளமைப்பே அடங்கியிருக்கிறது.

ஒரு திராட்சை இலையைக் குறுக்காக மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், அது மூன்று மாடி வீடு மாதிரி தெரியும். மேலே மெழுகு பூசின தோல். அடுத்து, நெட்டுக்குத்தாக நெருக்கி நிற்கும் பாலிசேட் செல்கள்; ஒளிச்சேர்க்கையில் பெரும்பங்கு இங்கேதான் நடக்கிறது. அதற்கும் கீழே பஞ்சுத் திசு. பேருக்கேற்ற மாதிரி செல்களுக்கு நடுவில் நிறைய காற்று இடம். கடைசியாக அடித்தோல். காற்று உள்ளே வர, நீராவி வெளியே போக, இதில் இலைத்துளைகள் உண்டு. திராட்சை இலையில் இந்தத் துளைகள் ஏறக்குறைய எல்லாமே அடிப்பக்கம்தான்.

17-ம் நூற்றாண்டிலேயே இத்தாலியில் மால்பீகியும் இங்கிலாந்தில் நெகமையா க்ரூவும் இலைகளில் இந்தத் துளைகளைப் பார்த்துவிட்டார்கள். வாசல் இருப்பது தெரிந்தாச்சு. அந்த வாசல் வழியாகத் திருடன் வருவான் என்று தெரிய இன்னும் கிட்டத்தட்ட 200 வருஷம் ஆனது.

முதலில் வந்தது சாம்பல் நோய். 1845-ல் இங்கிலாந்தில் தென்பட்டு, சீக்கிரமே பிரான்சுக்குப் பரவியது. இந்தப் பூசணம் தோலின் மேலேயே படர்ந்து, மேல்தோல் செல்களை மட்டும் உறிஞ்சும். அதனால் கந்தகத்தூள் தூவி அடக்க முடிந்தது.

1878-ல் பிரான்சில் கண்டறியப்பட்ட அடிச்சாம்பல் வேறு ரகம். பூசணம் என்று சொன்னாலும் இது பழுப்புப் பாசிகளுக்குத்தான் நெருங்கின சொந்தம். இதன் வித்துகள் நீந்தும். இலையின் அடியில் ஒரு படலம் அளவுக்கு ஈரம் இருந்தால் போதும், நீந்திப் போய் இலைத்துளையில் ஒட்டி, உள்ளே இழை விட்டு, பஞ்சுத் திசுவின் காற்று இடங்களில் குடியேறிவிடும். மேலே எண்ணெய்ப் புள்ளி தெரியும்போது அது ஏற்கெனவே வீட்டுக்குள்ளே. பிறகு அதே துளைகள் வழியாக ராத்திரியில் வெள்ளையாக வெளியே முளைக்கும். 'அடிச்சாம்பல்' என்று பேர் வைத்தவர் இலையைத் திருப்பிப் பார்த்தவராகத்தான் இருக்கணும்.

இதற்கு மருந்து கிடைத்ததே ஒரு திருட்டுக் கதை. 1882-ல் போர்டோ பகுதியில் தாவரவியல் பேராசிரியர் மில்லார்தே ஒரு விஷயத்தைக் கவனித்தார். வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமல் இருக்க, சாலையோரக் கொடிகளில் மட்டும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருந்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் இலை உதிரவில்லை! சோதனைகள் செய்து 1885-ல் வெளியிட்டார். அதுதான் போர்டோ கலவை. 100 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு என்ற ஒரு சதவீதக் கணக்கில் இன்றும் தயாரிக்கிறார்கள்.

ஆனால் தாமிரம் இலைக்குள் போகாது. வாசலில் நிற்கும் காவல்காரன் மட்டும்தான். வித்து துளைக்குள் நுழைவதற்கு முன்னால், அதுவும் அடிப்பக்கத்தில் படணும். 1970-களின் கடைசியில் இலைக்குள் ஊடுருவும் மெட்டலாக்சில் வந்தது. சில வருஷங்களிலேயே நோய்க்கிருமி அதை எதிர்க்கப் பழகிக்கொண்டது. தாமிரம் இன்னும் தாக்குப்பிடிக்கிறது.

இப்போ கம்பம் பள்ளத்தாக்குக்கு வருவோம். இங்கே திராட்சையை 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். அது சரியென்றால், பிரான்சுக்கு அடிச்சாம்பல் போவதற்கு 46 வருஷம் முன்பே இங்கே கொடி வந்துவிட்டது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சை, அதாவது மஸ்கட் ஹாம்பர்க், இங்கே பந்தலில்தான் படர்கிறது. பிரான்சில் கொடி இடுப்பளவு உயரம். இலையின் அடிப்பக்கத்தைப் பார்க்கக் குனியணும். கம்பத்தில் பந்தலுக்குக் கீழே நின்று அண்ணாந்தால் தலைக்கு மேலே தெரிவது முழுக்க அடிப்பக்கம்தான். கீழிருந்து மேல்நோக்கி அடிக்கிற மருந்து நேராகத் துளைகள் இருக்கும் பக்கத்தில் போய்ப் படும்.

பந்தலுக்கு இன்னொரு முகமும் உண்டு. கொடி அடர்ந்தால் கீழே ஈரம் சீக்கிரம் காயாது. வடகிழக்குப் பருவமழையில் வித்துகள் நீந்த அதைவிட வசதி வேறில்லை. அதனால்தான் கவாத்தும் இலை கிள்ளுவதும் மருந்துக்குச் சமமான வேலைகள். பள்ளத்தாக்கில் வருஷம் முழுக்க எங்கேயாவது அறுவடை நடப்பதால், நோய்க்கும் எப்போதும் ஏதோ ஒரு இளம் இலை கிடைத்துக்கொண்டே இருக்கும்.

அடுத்த முறை சுருளி அருவிக்குப் போனால், வழியில் ஏதாவது பந்தலுக்கு அடியில், தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு, ஒரு நிமிஷம் நின்று அண்ணாந்து பாருங்கள். அங்கே தெரிவதெல்லாம் வாசல்கள்.