ஜூன்டீன்த்: ஊர்கள் காத்துவந்த விடுதலை நாள்

ஜூன்டீன்த் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஆண்டுதோறும் ஜூன் 19 அன்று கொண்டாடும் அடிமை ஒழிப்பு நாள். மாதத்தின் பெயரும் தேதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் மக்கள் வாயில் ஒன்றாகி இப்பெயர் பிறந்தது. 1865 ஜூன் 19 அன்று டெக்சஸ் மாநிலத் துறைமுக நகரான கால்வெஸ்டனில், உள்நாட்டுப் போரில் வென்ற வடக்குப் படையின் தளபதி கோர்டன் கிரேஞ்சர் மூன்றாம் எண் பொது ஆணையை வெளியிட்டார். அம்மாநிலத்தில் அடிமைப்பட்டிருந்த ஏறக்குறைய 2,50,000 பேரும் இனி சுதந்திர மனிதர்கள் என்றது அந்த ஆணை. 2021 ஜூன் 17 அன்று அதிபர் ஜோ பைடன் கையெழுத்திட்ட சட்டம் அந்த நாளை நாடு முழுமைக்குமான அரசு விடுமுறை ஆக்கியது. பெரும்பாலான அறிமுகக் குறிப்புகள் இந்த இரண்டு ஆவணங்களையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. ஆனால் இரண்டுக்கும் நடுவே 156 ஆண்டுகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதியில் அரசு இந்த நாளைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அக்காலம் முழுதும் நாளைக் காப்பாற்றியவை சிற்றூர்த் தேவாலயங்களும், ஊர் விழாக் குழுக்களும், அவை சொந்தப் பணத்தில் வாங்கிய நிலங்களும்தான். இந்த விழாவின் வரலாறு, ஆணைகளின் வரலாறு என்பதைவிட நிலத்தின் வரலாறு என்பதே பொருந்தும்.

போர்க்கால அதிபர் ஆபிரகாம் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி 1 அன்றே நடைமுறைக்கு வந்துவிட்டது. இரண்டரை ஆண்டுகளாகச் செய்தியே எட்டாமல் டெக்சஸ் அடிமைகள் காத்திருந்தார்கள் என்று சொல்லப்படும் கதை பாதிதான் உண்மை. எட்டாதது செய்தி அன்று, படை. அடிமை முறையைக் காக்க நாட்டிலிருந்து பிரிந்துபோன தெற்குக் கூட்டமைப்பின் ஆட்சி நீடித்த இடங்களில் பிரகடனத்தைச் செயல்படுத்த வடக்குப் படை நேரில் வர வேண்டியிருந்தது. டெக்சஸின் பெரும்பகுதிக்குள் அது வரவே இல்லை. வராது என்று நம்பித்தான் லூசியானா, மிசிசிப்பி பண்ணையார்கள் ஆயிரக்கணக்கான அடிமைகளை அங்கே ஓட்டிக்கொண்டு போனார்கள். 1865 ஏப்ரல் 9 அன்று கூட்டமைப்பின் தளபதி ராபர்ட் லீ சரணடைந்த பின்னும், மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே இருந்த கூட்டமைப்புப் படையின் சரண் முறைப்படி முடிய ஜூன் 2 ஆயிற்று. கிரேஞ்சரின் ஆணையும் தாராள மனத்தோடு எழுதப்பட்டதன்று. பழைய எசமானருக்கும் அடிமைக்கும் உரிமைகளில் முழுச் சமத்துவம் உண்டு என்று ஒரு வரியில் சொன்ன அதே ஆணை, விடுதலை பெற்றவர்கள் இருக்கும் இடத்திலேயே இருந்து கூலிக்கு வேலை செய்ய வேண்டும், இராணுவ முகாம்களில் கூடக் கூடாது, சோம்பியிருப்பவர்களுக்கு ஆதரவு கிடைக்காது என்றும் எச்சரித்தது. கால்வெஸ்டனின் ஆஷ்டன் வில்லா மாளிகை மாடத்தில் நின்று கிரேஞ்சர் அதை உரக்கப் படித்தார் என்று பரவலாகச் சொல்லப்படுவதற்குச் சமகாலச் சான்று இல்லை. கூடாதே என்ற ஆணையின் நினைவாக, அதற்கு மறு ஆண்டிலேயே மக்கள் கூடினார்கள். விழாவின் தொடக்கம் அதுதான்.

கூடுவதற்கு இடம் வேண்டும். இனப்பாகுபாடு வேரூன்றிய டெக்சஸ் நகரங்களில் பொதுப் பூங்காக்கள் கறுப்பின மக்களுக்கு மறுக்கப்பட்டன. எனவே ஆற்றங்கரையிலும் ஓடைக்கரையிலும் கூடினார்கள். பிறகு நிலம் வாங்கத் தொடங்கினார்கள். ஹூஸ்டனில் 1872-இல் போதகர் ஜாக் யேட்ஸ் முன்னின்று, ஆன்டியாக் பாப்டிஸ்ட், டிரினிட்டி மெதடிஸ்ட் ஆகிய தேவாலயங்களின் மக்கள் பணம் திரட்டி 10 ஏக்கர் வாங்கினார்கள். அவர்களில் பலர் ஏழாண்டுகளுக்கு முன்பு தாமே விலைக்கு விற்கப்படும் பொருளாக இருந்தவர்கள். ஜூன் 19-ஐக் கொண்டாடவென்றே வாங்கிய அந்த நிலத்துக்கு விடுதலைப் பூங்கா என்று பெயரிட்டார்கள். பின்னர் அது நகராட்சியின் கைக்குப் போனது. 1922 முதல் 1940 வரை ஹூஸ்டனில் கறுப்பின மக்களுக்குத் திறந்திருந்த ஒரே பொதுப் பூங்கா அதுதான். லைம்ஸ்டோன் மாவட்டத்தின் மெக்சியா அருகே, நவசோட்டா ஆற்றின் கொமான்சே துறையில் கூடிவந்தவர்கள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிலம் வாங்கினார்கள். இன்று அது புக்கர் டி. வாஷிங்டன் பூங்கா. பணி தேடி வெளியூர் போன குடும்பங்கள் ஜூன் மாதத்தில் ஊர் திரும்ப ஒரு முகவரியாக அது நெடுங்காலம் இருந்தது. மாநிலத் தலைநகர் ஆஸ்டினின் கதை வேறு. அங்கும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு சங்கம் நிலம் வாங்கி விடுதலைப் பூங்கா அமைத்தது. 1930-களின் இறுதியில் அரசுக் குடியிருப்புக் கட்டுவதற்காக நகராட்சி அதைக் கையகப்படுத்திக்கொண்டது; ரோஸ்வுட் கோர்ட்ஸ் குடியிருப்பு எழுந்தது அங்கேதான். பத்திரம் கையில் இருந்தும் நிலம் போயிற்று என்பதை ஆஸ்டின் காட்டுகிறது. உரிமை கைமாறியும் இடம் பறிபோகாததால் ஹூஸ்டனில் விழா அதே மண்ணில் தொடர்கிறது.

அந்த நிலங்களில் நடந்தவை வெறும் உண்டாட்டு என்று எண்ணிவிடக் கூடாது. பிரகடனத்தை வாசிப்பார்கள், ஜெபமும் பாட்டும் நடக்கும், அடிமையாய் இருந்த முதியவர்கள் எழுந்து தங்கள் கதையைச் சொல்வார்கள். தொடக்க ஆண்டுகளில் புதிதாகக் கிடைத்த வாக்குரிமையைப் பற்றி விளக்கும் அரசியல் மேடையாகவும் இந்தக் கூட்டங்கள் இருந்தன. பிறகு ஊர்வலம், பேஸ்பால், குதிரை விளையாட்டு. முந்தின இரவே குழி வெட்டி மூட்டிய நெருப்பில் இறைச்சி மெல்ல வெந்துகொண்டிருக்கும். தர்ப்பூசணி, சிவப்புச் சோடா, சிவப்புக் கேக் என்று சிவந்த நிறத் தீனி இன்றும் ஜூன்டீன்த் பந்தியின் அடையாளம். சிந்திய இரத்தத்தின் நினைவு என்பார் சிலர். செம்பருத்தி இனப் பூக்களும் கோலாக் கொட்டையும் சேர்ந்த மேற்கு ஆப்பிரிக்கப் பானங்களின் தொடர்ச்சி என்பார் வேறு சிலர். இரண்டையும் உறுதிப்படுத்த முடியாது. ஆனால் பாடப்புத்தகம் சொல்லித்தராத ஒரு வரலாற்றைக் குழந்தை கேட்டுத் தெரிந்துகொள்ள அந்தப் பந்தியே வாய்ப்பாக இருந்தது. நாட்டார் வழக்காற்றியலாளர் வில்லியம் விக்கின்ஸ் 1987-இல் விடுதலை நாள் விழாக்களைப் பற்றித் தனி நூலே எழுதும் அளவுக்குச் செய்தி அவற்றில் இருந்தது.

ஊரார் காத்தார்கள் என்றால், இருபதாம் நூற்றாண்டின் நடுவே விழா ஏன் தேய்ந்தது என்ற கேள்வி எழும். 1936-இல் டல்லஸில் நடந்த டெக்சஸ் நூற்றாண்டுக் கண்காட்சியில், கறுப்பின மக்களின் சாதனைகளைக் காட்டும் மண்டபம் ஜூன் 19 அன்றே திறக்கப்பட்டது. கண்காட்சி முடிந்ததும் அந்த மண்டபத்தை இடித்துவிட்டார்கள். அரசு தரும் மேடையின் ஆயுள் அவ்வளவுதான். ஆனால் தேய்வுக்கு வேறு காரணங்களும் உண்டு. பண்ணை வேலையை விட்டு நகரத் தொழிற்சாலைகளுக்குப் போனவர்களுக்கு வேலைநாளில் விடுப்புக் கிடைக்கவில்லை. வெள்ளையரோடு சம உரிமைக்குப் போராடிய இளைய தலைமுறையில் சிலருக்கு அடிமைக்கால நினைவு கூச்சமாகவும் இருந்தது. நிலத்தோடு ஒட்டிய விழாவின் பலவீனம் இது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: மக்கள் பெயர்ந்தால் விழாவும் தளரும். அதே பெயர்வுதான் அதை டெக்சஸுக்கு வெளியேயும் கொண்டுபோனது. 1968-இல் ஏழை மக்கள் இயக்கம் வாஷிங்டனில் ஜூன் 19-ஐ ஒற்றுமை நாளாகக் கடைப்பிடித்தது. 1971 முதல் மில்வாக்கியிலும் 1976 முதல் பஃபலோவிலும் விழா வேரூன்றியது. டெக்சஸ் சட்டமன்ற உறுப்பினர் அல் எட்வர்ட்ஸ் முயற்சியால் 1980 முதல் அம்மாநிலத்தில் அது விடுமுறையானது. அமெரிக்காவில் முதன்முதலாக அதற்கு விடுமுறை தந்த மாநிலம் அதுவே. தெற்குக் கூட்டமைப்பின் வீரர்களுக்கும் ஜனவரி 19 அன்று அம்மாநில விடுமுறைப் பட்டியலில் ஒரு நாள் உண்டு என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

தேதியே தவறு என்பது அடிக்கடி எழும் மறுப்பு. கெண்டக்கியிலும் டெலவேரிலும் அடிமை முறை 1865 டிசம்பரில் பதின்மூன்றாம் அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேறும்வரை நீடித்தது உண்மைதான். வாஷிங்டன் நகரம் ஏப்ரல் 16-ஐயும் ஃபுளோரிடா மே 20-ஐயும் விடுதலை நாளாகக் கொண்டாடுகின்றன. ஆனால் விடுதலை ஒரே நாளில் எங்கும் வரவில்லை என்பதால்தான் ஒவ்வோர் ஊரும் தன் நாளைத் தானே குறித்துக்கொண்டது. அவற்றுள் ஒன்று நாடு முழுதும் பரவியது, டெக்சஸ் மக்கள் அதை எடுத்துப்போனதால். ஜூலை 4 இருக்க இன்னொரு சுதந்திர நாள் நாட்டைப் பிளக்கும் என்ற குறையும் உண்டு. 1776-இல் கிடைத்த சுதந்திரம் அடிமைகளைச் சேரவில்லை. அந்த இடைவெளியை விழா உண்டாக்கவில்லை, நினைவூட்டுகிறது.

இன்னும் வலுவான மறுப்பு வணிகத்தைப் பற்றியது. தேசிய விடுமுறையான மறு ஆண்டே, 2022-இல், வால்மார்ட் ஜூன்டீன்த் பெயரில் ஐஸ்கிரீம் விற்கத் தொடங்கி, எதிர்ப்பு வந்ததும் மன்னிப்புக் கேட்டுத் திரும்பப் பெற்றது. விழா இனி கடைச்சரக்காகிவிடும் என்ற அச்சத்துக்கு இடமிருக்கிறது. ஆனால் எதிர்ப்பு தெரிவித்தவர்களும் அந்த நாளைக் கொண்டாடும் மக்களே. அரசு அங்கீகாரத்தால் பயனில்லை என்பதும் சரியன்று: பல இலட்சம் தொழிலாளர்களுக்கு அது ஒரு நாள் சம்பள விடுப்பைத் தந்திருக்கிறது, முன்பு விழாவைத் தேய்த்த காரணங்களில் ஒன்றே அதன் இன்மைதானே. விடுமுறை மட்டும் போதாது என்பதற்கு மெக்சியா சான்று. 1981 ஜூன் 19 அன்று அங்கே விழாவில் கைது செய்யப்பட்ட மூன்று கறுப்பின இளைஞர்கள், காவலர்கள் ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து ஏரியில் மூழ்கி இறந்தார்கள். வழக்கில் காவலர்கள் விடுவிக்கப்பட்டார்கள். மாநில விடுமுறை வந்து ஓராண்டே ஆகியிருந்தது. அதன்பின் அங்கு வரும் கூட்டம் பெரிதும் குறைந்தது.

ஒரு ஜூன்டீன்த் விழாவை மதிப்பிட விரும்புபவர் மேடையில் யார் பேசுகிறார்கள் என்பதைவிட, குழுவில் யார் இருக்கிறார்கள், நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்பது பயன் தரும். நிலத்தின் எடையைத் தன் வாழ்விலேயே உணர்ந்தவர் ஒருவர் உண்டு. இந்நாளைத் தேசிய விடுமுறையாக்கக் கோரி 2016-இல், 89 வயதில், டெக்சஸின் ஃபோர்ட் வொர்த் நகரிலிருந்து வாஷிங்டன் நோக்கி நடக்கத் தொடங்கியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஓபல் லீ. 1939 ஜூன் 19 அன்று அவருக்குப் பன்னிரண்டு வயது. வெள்ளையர் வாழும் பகுதியில் குடியேறினார்கள் என்பதற்காக அவர் பெற்றோரின் வீட்டை ஒரு கும்பல் அன்று சூறையாடிக் கொளுத்தியது. அதே மனையில் கட்டிய புது வீட்டின் சாவி 2024 ஜூன் மாதம் அவர் கைக்கு வந்தது.