பாட்டில் யார் முன்னால் நிற்பது?

கொஞ்சம் நீளமான பதிவு, ஆறுதலாக வாசியுங்கள். இசை கூடுமா கூடாதா என்பது இங்கே விடயமல்ல, அதை உலமாக்களிடம் விட்டுவிடுவோம். நான் எழுதுவது ஒலிப்பதிவின் வரலாறு. பயான் பதிவு செய்கிற தம்பிமாருக்கும் இதில் வேலை இருக்கிறது.

ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு "மிக்ஸிங் நல்லம்" என்கிறோம். மிக்ஸிங் என்றால் என்ன? பாடுகிறவர், மேளம், வயலின், கீபோர்ட் என்று பல சத்தங்கள் இருக்கின்றன. எது பெரிதாக, எது சிறிதாக, எது கிட்டத்தில், எது தூரத்தில் கேட்க வேண்டும் என்று ஒருவர் முடிவெடுக்கிறார். அவ்வளவுதான். ஆனால் அந்த முடிவை எடுப்பவரும், எதற்காக எடுக்கிறார் என்பதும் காலத்துக்குக் காலம், ஊருக்கு ஊர் மாறியிருக்கிறது.

1902 நவம்பரில் பிரெட் கைஸ்பெர்க் என்பவர் கிராமபோன் கம்பனிக்காகக் கல்கத்தா வந்து கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். மைக் இல்லாத காலம். ஒரு பெரிய புனல் இருக்கும், அதன் வாய்க்குள் பாட வேண்டும். ஒடுங்கிய முனையில் ஒரு மெல்லிய தகடு, அதோடு ஓர் ஊசி. குரல் தகட்டை அதிரவைக்க, ஊசி மெழுகுத் தட்டில் கீறிக்கொண்டு போகும். ஏறத்தாழ மூன்று நிமிடத்தில் தட்டு முடிந்துவிடும். மணிக்கணக்கில் விரித்துப் பாடும் ராகத்தை அந்த மூன்று நிமிடத்துக்குள் அடக்கி, கடைசியில் தன் பெயரை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார் அந்த அம்மா. தட்டு ஜெர்மனிக்குப் போய் அச்சாகும்போது அங்குள்ளவர்களுக்கு யார் பாடியது என்று தெரிய வேண்டும் என்பதற்காகவே அப்படிச் சொன்னார் என்பார்கள்.

புனல் காலத்தில் மிக்ஸிங் செய்தது கால்கள்தான். ஒரே புனல் என்பதால் சத்தம் குறைந்தவர் கிட்டே வருவார், கூடியவர் தள்ளிப் போவார். உச்ச ஸ்தாயியில் பாடும்போது பாடகர் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். வயலின் சத்தம் போதாததால் அதற்கே ஒரு தகரப் புனலைப் பொருத்தி ஸ்ட்ரோ வயலின் என்று ஒன்று செய்தார்கள். 1923 இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ரிச்மண்ட் என்ற ஊரிலுள்ள ஜெனட் ஸ்டூடியோவில் கிங் ஒலிவரின் ஜாஸ் குழு பதிவு செய்தது. குழுவில் லூயி ஆம்ஸ்ட்ரோங் என்ற இளைஞர் இருந்தார். தன் உஸ்தாதை விடப் பலமாக ஊதுவார். அவரை அறையின் கடைசி மூலையில் கொண்டுபோய் நிறுத்தியதாகச் சொல்வார்கள். பெரிய மேளத்தை அடித்தால் ஊசி துள்ளும் என்பதால் மேளக்காரருக்குக் கிடைத்தது மரக்கட்டை. இன்று விரலால் ஒரு பொத்தானைத் தள்ளிச் செய்கிற வேலையைத்தான் அன்று ஆளைத் தள்ளிச் செய்தார்கள்.

1925 இல் மின்சார ஒலிப்பதிவு சந்தைக்கு வந்தது. அதோடு மெதுவாகப் பாடவும் ஒருவருக்கு வழி பிறந்தது. பிங் குரொஸ்பி போன்றவர்கள் காதுக்குப் பக்கத்தில் பேசுவதுபோலப் பாடிப் புகழ் பெற்றது மைக்கின் புண்ணியத்தில்தான். ஆனாலும் மைக்கை நம்பாத குரல்களும் இருந்தன. நம் வீடுகளில் நாகூர் ஹனீபாவை அறியாதவர் யார்? மைக் இல்லாத மேடையையும் நிரப்பும் குரல் என்று நேரில் கேட்டவர்கள் சொல்வார்கள். அவருடைய பழைய பதிவுகளைக் கவனித்துக் கேளுங்கள். குரல் முன்னால் நிற்கும், வாத்தியம் ஒரு எட்டுப் பின்னால் நிற்கும். அந்தப் பாட்டுகளில் சேதியே சொல்தான். சொல் மறைந்தால் பாட்டே இல்லை.

இதில் வானொலிக்கும் பங்குண்டு என்பது என் கணிப்பு. 1952 இல் கேஸ்கர் அமைச்சராக வந்த பிறகு இந்திய வானொலி சினிமாப் பாட்டுகளை ஒதுக்கியது. இந்தியா முழுக்க இலங்கை வானொலிப் பக்கம் திரும்பியது. வந்தது சிற்றலையில். சிற்றலை எப்படி என்று மூத்தவர்களுக்குத் தெரியும். இரைச்சல், ஏற்ற இறக்கம், மேல் சத்தமும் கீழ் சத்தமும் அறுந்துபோய் நடுச்சத்தம் மட்டும் வந்துசேரும். மனிதக் குரல் குடியிருப்பது அந்த நடுவில்தான். ஆகவே குரலை முன்னால் வைத்த பதிவுதான் கடல் தாண்டியும் பிழைக்கும். டெட்ரோயிட் நகரின் மோட்டவுன் கம்பனிக்காரர் 1960களில் இதைத் தெரிந்தே செய்தார்கள். கார் ரேடியோ போன்ற சின்ன ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுத்தான் பாட்டின் மிக்ஸிங்கை முடிவு செய்தார்கள்.

அப்படியென்றால் குரல் எப்போதும் முன்னால்தானா? இல்லை. ஜமைக்காவுக்குப் போவோம்.

கிங்ஸ்டன் நகரின் வாட்டர்ஹவுஸ் பகுதியில் ஒஸ்போன் ரடொக் என்று ஒருவர் இருந்தார். மின் சாமான் திருத்துவார், அம்ப்ளிபயர் செய்வார். உலகம் அவரைக் கிங் டபி என்று அறியும். 1970களின் தொடக்கத்தில் தன் சின்ன வீட்டில், ஒரு ஸ்டூடியோ கழித்துவிட்ட நான்கு வழி மிக்ஸரை வைத்துக்கொண்டு வேலை செய்தார். வாத்தியக்காரர்கள் அவரிடம் வருவதில்லை, பதிவான நாடாக்கள்தான் வரும். அவர் அதிலிருந்து பாடகரின் குரலை எடுத்துவிடுவார். மேளமும் பேஸ் கிட்டாரும் மட்டும் நடந்துபோகும். நடுவில் ஒரு சொல்லை மட்டும் திறந்துவிட்டு எதிரொலியில் கரையவிடுவார். பிறகு அதையும் மூடுவார். இசைக்கருவி வாசிக்காத ஒரு மெக்கானிக் மிக்ஸரையே வாத்தியமாக்கினார். இதற்குப் பெயர் டப்.

ஏன் அந்த ஊரில் இப்படி? அங்கே பாட்டுக் கேட்பது வீட்டுக்குள் அல்ல, திறந்த முற்றத்தில். ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி வைத்து, சனம் கூடி ஆடுகிற இடம் அது. அங்கே பேஸை உடம்பால்தான் கேட்பார்கள். அந்தச் சனத்துக்கு அந்த மிக்ஸிங் சரி. 1989 இல் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார் டபி. இன்று உலகில் நடன இசை செய்கிற பலர் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

ஜாஸ் வேறு கதை. ரூடி வான் கெல்டர் என்பவர் பகலில் கண் பரிசோதகர். நியூ ஜெர்சியில் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில்தான் ஆரம்பகாலப் பதிவுகளைச் செய்தார். பிறகு 1959 இல் உயர்ந்த மரக்கூரையோடு சொந்த ஸ்டூடியோ கட்டினார். ஜோன் கொல்ட்ரேன் 1964 டிசம்பரில் தன் புகழ்பெற்ற அல்பத்தைப் பதிவு செய்தது அங்கேதான். அதைக் கேட்டால் நாலு பேர் ஒரு அறையில் நிற்பது தெரியும். அங்கே அறையும் ஒரு வாத்தியம்.

கவ்வாலியில் முன்னால் நிற்பவர் தனி ஆளல்ல, ஜமாஅத்தே நிற்கும். கைதட்டும் பின்பாட்டும் இல்லாவிட்டால் கவ்வாலியே இல்லை. 1990 இல் நுஸ்ரத் பதேஹ் அலி கான், மைக்கேல் புரூக் என்ற கனடாக்காரரோடு சேர்ந்து செய்த 'மஸ்த் மஸ்த்' அல்பத்தில் பேஸ் கிட்டாரும் கீபோர்டும் வந்தன, பாட்டுகள் குறுகின. சிலர் கோபித்தார்கள், பலர் அதைக் கேட்டுத்தான் கவ்வாலிக்குள்ளேயே வந்தார்கள். எனக்கு அவருடைய பாரம்பரியப் பதிவுகள்தான் பிடிக்கும். பிடிக்காதவர் கொமென்டில் திட்டலாம்.

நம் காதை மாற்றியது 1992 இல் 'ரோஜா'. அதற்கு முன் பாடகரும் வாத்தியக்காரரும் பெரும்பாலும் ஒன்றாக நின்று பதிவு செய்தார்கள். ஏ.ஆர். ரஹ்மான் தன் வீட்டு ஸ்டூடியோவில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்து அடுக்கினார். அவரோடு நீண்டகாலம் வேலை செய்த ஒலிப்பொறியியலாளர் எச். ஸ்ரீதர் 2008 இல் காலமானார். அந்தப் பாட்டுகளில் எத்தனை சத்தம் இருந்தாலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மிதிக்காது. ஒவ்வொன்றுக்கும் உட்கார ஓர் இடம் இருக்கும்.

பிறகு ஒரு கெட்ட பழக்கம் வந்தது. சீடி காலத்தில் கம்பனிகள் "என் பாட்டு உன் பாட்டை விடச் சத்தமாகக் கேட்க வேண்டும்" என்று போட்டி போட்டன. மெதுவான இடங்களையெல்லாம் தூக்கிப் பலமான இடங்களோடு சமமாக்கினார்கள். 2008 இல் மெட்டாலிக்கா குழுவின் அல்பம் வந்தபோது, அதே பாட்டுகள் ஒரு வீடியோ கேமில் கூடுதல் தெளிவாக இருப்பதை ரசிகர்களே கண்டுபிடித்து, திரும்ப மிக்ஸிங் செய்யச் சொல்லிக் கையெழுத்து வேட்டை நடத்தினார்கள். இன்று யூடியூப்பும் ஸ்பொட்டிஃபையும் மிஞ்சிய சத்தத்தைத் தாமே குறைத்துவிடுகின்றன. நசுக்கியதால் வந்த லாபம் போய்விட்டது. நசுங்கல் மட்டும் மிச்சம்.

இவ்வளவையும் ஏன் எழுதினேன்? நம்மூரில் பழைய கெசட்டுகளை ஓடியோவாக்கி வட்ஸ்அப்பில் பகிர்வது இப்போது நடக்கிறது. நல்ல வேலை. ஆனால் பாவாமார் றபான் அடித்துப் பாடிய ஒரு பைத்தை யாரோ பேஸ் கூட்டி, இரைச்சல் நீக்கிப் பகிர்ந்திருந்ததைக் கேட்டேன். றபான் நெஞ்சில் இடிக்கிறது. பாடியவரின் சொல் தண்ணீருக்குள் பேசுவதுபோல இருக்கிறது. இரைச்சலோடு சேர்த்து 'ஸ', 'ஷ' எல்லாம் போய்விட்டன. கிங்ஸ்டனுக்குச் சரியானது நம் பைத்துக்குச் சரியாகாது. அதைவிடக் கவலையான விடயம், மூல கெசட் எங்கே என்று கேட்டால், "பதிஞ்சாச்சே சேர், எறிஞ்சிட்டம்" என்ற பதில். பாடியவர் மௌத்தாகி வருடங்கள் ஆகிவிட்டன. இனி அந்தக் குரலை யாரிடம் போய்க் கேட்பது?

வீட்டில் கெசட் வைத்திருப்பவர்கள் இதைச் செய்யுங்கள். பிளேயரின் ஹெட்டைப் பஞ்சில் ஐசோபுரோபைல் அல்கஹோல் தொட்டுத் துடையுங்கள். காய்ந்த பிறகு கெசட்டைப் போடுங்கள். ஸ்பீக்கருக்கு முன்னால் போனைப் பிடித்துப் பதியாமல் வயர் மூலம் கணினிக்கு எடுங்கள். எடுத்த முதல் பிரதியில் கை வைக்காமல் அப்படியே வையுங்கள், எம்பி3 ஆக்காமல் வேவ் கோப்பாக. பேஸ் கூட்டுவது, சுத்தமாக்குவது எல்லாம் இன்னொரு பிரதியில். கெசட்டை எறிய வேண்டாம். வெயில் படாத, ஈரமில்லாத அலுமாரியில் நிமிர்த்தி வையுங்கள். பாடியவர் பெயர், ஊர், வருடம் தெரிந்தால் உறையில் எழுதிவிடுங்கள். மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

என்னிடம் வேலை செய்கிற ஒரு டெக் இருக்கிறது. சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன். கொண்டுவாருங்கள், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே பதிந்து கெசட்டைக் கையில் திருப்பித் தருகிறேன். ஒரு கெசட்டுக்கு ஒரு மணித்தியாலமாவது எடுக்கும். அதனால் வரமுன் ஒரு மெசேஜ் போடுங்கள்.