கண்டி மலைநாடும் தேயிலைத் தொழிலறிவும்

1978இல் கட்டுநாயக்கத்தில் ஏற்றுமதி வலயம் திறக்கப்பட்ட பின்னர், அயலாருக்காகப் பண்டம் ஆக்கித்தரும் நாடு தொழிலறிவையும் பெறுமா என்னும் வினா பெரிதும் பேசப்படலாயிற்று. கண்டிச் சீமைக்கு அவ்வினா புதிதன்று.

கோப்பிக் காலத்தில் தோட்டங்கள் பழத்தின் தோலை நீக்கியனுப்பின. உமி நீக்கித் தரம்பிரிக்கும் பணி கொழும்பிலேயே நிகழ்ந்தது. தேயிலைக் கொழுந்தோ அவ்வாறு காத்திராது. பறித்த சில மணி நேரத்திற் கெடத் தொடங்குமாதலின், ஆலையே மலையேற வேண்டியதாயிற்று. ஹேவாஹெட்டையைச் சார்ந்த லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். முதற்கண் பங்களா விறாந்தையிலே கொழுந்து கையால் உருட்டப்பட்டு, கரியடுப்பின்மேல் உலர்த்தப்பட்டது. 1872இல் உருட்டும் பொறியொன்றை அவரே அமைத்தார். மறுவருடம் 23 இறாத்தல் இலண்டன் சென்றது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்தவே, ஏனைத் துரைமாரும் அவ்வழி பற்றினர்.

ஜோன் வாக்கர் 1854இல் கண்டியில் தொடங்கிய பட்டறை கோப்பிப் பொறிகளிற் பெற்ற பழக்கம் தேயிலைப் பொறிகளுக்கும் உதவிற்று. இது நம் மண்ணில் தங்கிய அறிவு. ஆயின், கச்சாரில் தேயிலைத் தோட்டத்திற் பணியாற்றிப் பழகிய டேவிட்சன் சிரோக்கோ உலர்த்திகளுக்கென 1881இல் ஆலை கண்டதோ பெல்பாஸ்ட் நகரில்!

‘ஸ்டோரில்’ இலையின் மணத்தாலும் நிறத்தாலும் பதமறிந்த தமிழ்த் தொழிலாளர் அறிவும் தொழிலறிவேயன்றோ? அது ஏட்டிலேறவில்லை. அவர்தம் மக்களுக்குத் தோட்டப் பள்ளிகள் நெடுங்காலம் ஆரம்பக் கல்விக்கு மேல் அளிக்கவுமில்லை. பொறியருகே தலைமுறைகளாக நின்றவர்க்குப் பொறியியல் எட்டாதிருந்தமைக்கு இதுவே தலையாய காரணமென்பது என் கருத்து.